பாப்பா துன்னுச்சா?

உளுந்தூர்பேட்டை டீக்கடையில் காலங்காத்தாலே மணிக்கட்டில் மல்லிகைச் சரம் சுற்றிக்கொண்டு நின்ற ஆள் யார் என்று கேட்டால், லோடு அடிக்கும் டிரைவர்கள் எல்லோரும் என்னைத்தான் கை காட்டுவார்கள். "இன்னா மைனரே, ராத்திரி எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டு அவர்கள் சிரித்த சிரிப்பில் டீ மாஸ்டருக்கே புரையேறிவிட்டது. ஒருத்தன் போட்டோ எடுத்து எங்கள் வண்டிக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டேவிட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அவன் போனைப் பிடுங்கி பஜ்ஜிச் சட்டியில் போட்டிருப்பேன். ஆனால் அது என் மகள் வாய் திறப்பதற்காகக் கட்டிய பூ. அதை அவனுக்கு உட்கார்ந்து விளக்க எனக்கு நேரமில்லை.

என் பெயர் ஜெயப்பிரகாஷ். ஊர் களமருதூர். ஒரு குட்டியானை வண்டி வைத்திருக்கிறேன். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் மளிகைச் சாமான் ஏற்றிக்கொண்டு போவேன், இறங்கும்போது மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு வருவேன். என் மனைவி இசைவாணி எனக்கு அத்தை மகள்தான். பாவாடை கட்டிய வயதிலிருந்து என்னை மாமா என்று கூப்பிட்டே பழகியவள். கூப்பிடுவது மாமா, பேசுவதெல்லாம் வாடா போடா அளவுக்கு இருக்கும். எங்கள் அம்மா இருந்தவரை அதற்காக அவளைத் திட்டிக்கொண்டே இருந்தது.

இசைவாணிக்குப் போலீஸ் ஆக வேண்டும். சின்ன வயதிலிருந்து அந்த ஒரே ஆசைதான். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் போய்விட்டது. மூன்றாம் முறை எழுத்துத் தேர்வில் பாஸ் ஆனபோது வயிற்றில் பாப்பா. பிள்ளை பெற்ற உடம்போடு ஓட்டப் பயிற்சி எடுத்தாள். விடியற்காலையில் எலவனாசூர்கோட்டை ரோட்டில் அவள் முன்னால் ஓடுவாள், நான் பின்னால் வண்டியில் ஹெட்லைட் போட்டுக்கொண்டு மெதுவாக உருட்டிக்கொண்டு போவேன். ரோட்டில் போகிறவர்கள், ஒரு பொம்பளையைத் துரத்துகிறான் என்று என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவள் திரும்பி, "சீக்கிரம் வா மாமா, வண்டிய விட நான் ஃபாஸ்டா ஓடறேன்," என்று கத்துவாள். அவள் அப்படிக் கத்துவதைக் கேட்பதற்காகவே நான் கியரை மாற்றாமல் ஓட்டுவேன்.

தேர்வாகிவிட்டாள். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. பிறகு ட்ரெயினிங்குக்கு வரச் சொல்லி ஆர்டர் வந்தது, சென்னைப் பக்கம், அங்கேயே தங்க வேண்டும், மாதக்கணக்கில். அப்போது பாப்பாவுக்கு இன்னும் ஒரு வயது முடியவில்லை. தேவதர்ஷினி என்று பெயர் வைத்தோம், கூப்பிடுவது பாப்பா என்றுதான். அடுத்த பேட்ச்சில் சேரலாமா என்று கேட்டதற்குச் சேரலாம் என்றார்கள். அடுத்த பேட்ச் எப்போது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

பாப்பா அதுவரை தாய்ப்பாலைத் தவிர எதையும் ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை. இட்லியைப் பிட்டுக் கொடுத்தால் வேடிக்கைக்கு ஒரு வாய் வாங்கும், அப்புறம் அம்மா மடியைத் தேடிக்கொண்டு போய்விடும். இசைவாணியும் கொடுத்துவிடுவாள். அதனால் கிளம்புவதற்கு முன்னால் பால் மறக்கடித்தாக வேண்டும். மறக்கடிக்காமல் போனால் அங்கே போய் மார் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்துவிடும், பரேடில் எப்படி நிற்பாள்? என் அண்ணி சாலம்மாள்தான் வழி சொன்னார். பக்கத்து வீடுதான் அவருக்கு, அம்மா போன பிறகு எங்கள் வீட்டுக்கும் அவர்தான் ஆள்.

"மல்லியப்பூவ நெருக்கமா கட்டி மார்ல வெச்சிக் கட்டிக்கோ. வாடினா எடுத்துட்டு வேற வெய்யி. பால் தன்னால வத்திடும்," என்றார் அண்ணி.

எங்கள் பக்கத்தில் பால் வற்ற வைப்பதற்கு எல்லோரும் செய்வதுதான் அது. நான் தினமும் பூ வாங்கிக்கொண்டு வந்தேன். இசைவாணி ரவிக்கைக்குள் பூவை வைத்துக் கட்டிக்கொண்டு பாப்பாவைத் தூக்குவாள். பாப்பா பழக்கத்தில் அவள் நெஞ்சில் முட்டும். பால் கிடைக்காது, பூ வாசனைதான் வரும். அழுது அழுது அந்தப் பூவிலேயே மூக்கை வைத்துக்கொண்டு தூங்கிவிடும். இசைவாணியும் அழுவாள். நான் வெளியில் போய் வண்டியைத் துடைப்பேன். அந்த நாட்களில் என் வண்டி பளபளவென்று இருந்தது.

பஸ் ஏறும்போது அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம சாயங்காலம் மட்டும்தான் போன் குடுப்பாங்களாம். பாப்பா துன்னுச்சா இல்லியான்னு நெஜத்த சொல்லணும். டபாய்க்கக் கூடாது. அது பட்டினி கெடந்தா எனக்கு இந்த வேலையே வாணாம், அடுத்த பஸ்ஸுல வந்துடுவேன்," என்றாள். அவள் சொன்னால் செய்துவிடுவாள். எனக்கு நன்றாகத் தெரியும்.

பஸ் போன பிறகு பாப்பா என் தோளில் ஏறி அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தது. நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது பேஜார். இசைவாணி மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வைத்துவிட்டுப் போன டப்பா மாவு இருந்தது. கோதுமையும் பாலும் கலந்தது, வெந்நீர் ஊற்றினால் போதும். கலக்கிக் கொடுத்தேன். வாயில் வாங்கி, ஒரு நிமிடம் யோசித்து, என் முகத்தில் துப்பியது. அங்கன்வாடியில் கொடுத்த சத்துமாவைக் கஞ்சி காய்ச்சினேன், கட்டி கட்டியாகப் போய்விட்டது, எனக்கே சாப்பிட முடியவில்லை. பால் பாட்டிலைக் கொடுத்தால் காம்பைக் கடித்துவிட்டுத் தூக்கி எறிந்தது. வாழைப்பழத்தை மசித்துக் கொடுத்தேன், அதை எடுத்து என் காதில் தடவியது.

மலையில் ஒரு வீட்டில் நல்ல கேழ்வரகு கேட்டு வாங்கி வந்தேன். அண்ணி அதை ஊற வைத்து, முளை கட்டி, அரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பால் எடுத்தார். அடுப்பில் வைத்துக் கிண்டினால் கூழ் மாதிரி பளபளவென்று வந்தது. அதைத் தின்னாத குழந்தையே கிடையாது என்று அண்ணி சத்தியம் செய்தார். எங்கள் பாப்பா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டியது. ஸ்பூன் மூக்கில் பட்டது, கன்னத்தில் பட்டது, வாய்க்குள் மட்டும் போகவில்லை.

"அய்ய, இன்னா பிடிவாதம்! அப்டியே அம்மாக்காரி," என்றார் அண்ணி.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "துன்னுடி! துன்னித் தொலையேன்!" என்று கத்திவிட்டேன். பாப்பா அழவில்லை. வாசல் பக்கம் பார்த்தது. ஸ்பூனை வைத்துவிட்டு நானும் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. எடுத்த எடுப்பிலேயே, "பாப்பா துன்னுச்சா?" என்றாள்.

"துன்னுது. கம்மியா துன்னுது."

"கம்மின்னா எம்மாம்?"

"ரெண்டு வாயி."

"ஒரு நாளைக்கா?"

நான் பாப்பா பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பக்கம் அவள் மூச்சு வாங்குவது கேட்டது. "அடுத்த ஞாயிறு வரைக்கும் பாக்கறேன் மாமா. அப்பவும் இப்டியே இருந்தா, பொட்டியத் தூக்கிக்கினு வந்துடறேன். போதும் எனக்கு," என்றாள்.

போனை வைத்த பிறகு நான் சந்தோஷமாக இருந்தேன். சொல்வதற்கு என்ன, அதுதான் உண்மை. குழந்தை பட்டினி கிடக்கிறது, ஆனாலும் உள்ளே ஒருத்தன் உட்கார்ந்துகொண்டு வருவா வருவா என்று குதிக்கிறான். அவள் இல்லாத வீட்டில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மலை ஏறும்போது பக்கத்து சீட் காலியாக இருந்தது. வண்டி டேஷ்போர்டில் அவள் ஹேர்பின் நாலைந்து கிடந்தன, அவற்றை எடுத்துப் போடவும் மனசில்லை. கரியாலூர் வளைவில் வழக்கமாக, "பாத்துத் திருப்பு மாமா, நான் இன்னும் போலீஸ் டிரெஸ் போடணும்," என்பாள். அந்த வளைவு வந்தபோது நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். எனக்கே அசிங்கமாக இருந்தது.

நடுவில் அங்கன்வாடி டீச்சர் பூமாலை பாப்பாவை எடை போட்டுப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"நல்லா கொறஞ்சிடுச்சி ஜெயப்பிரகாஷ். இப்டியே போனா ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கணும்," என்றார். "பசும்பால டம்ளர்ல ஊத்திக் குடுத்துக்கினு இருக்காதீங்க. ஒரு வயசு முடியட்டும். இப்போதிக்குக் கஞ்சியில கொஞ்சம் கலந்து காச்சுங்க. தண்ணி மாதிரி வாணாம், ஸ்பூன்ல நிக்கற மாதிரி கெட்டியா."

"துன்னாதானே டீச்சர் கெட்டியா, தண்ணியான்னு பாக்கறது?" என்று எரிந்து விழுந்தேன். அவர் மேல் என்ன தப்பு? ஒன்றும் இல்லை. பாப்பாவைத் தூக்கினேன். கைக்கு முன்னை விட லேசாகத்தான் இருந்தது. உள்ளே குதித்துக்கொண்டிருந்தவன் அப்போதுதான் வாயை மூடினான்.

வெள்ளிக்கிழமை வந்தது. அண்ணி தலைக்குக் குளித்துவிட்டு மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பாயில் சோர்ந்து கிடந்த பாப்பா சட்டென்று எழுந்து உட்கார்ந்தது. அண்ணி தூக்கினார். அதுவரை அண்ணியிடம் போனால் முதுகை வளைத்துக்கொண்டு கத்துகிற பிள்ளை, அவர் தோளில் ஏறிக் கொண்டைக்குப் பின்னால் முகத்தைக் கொண்டுபோய் அந்தப் பூவில் மூக்கைப் புதைத்துக்கொண்டது. அப்படியே கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு, வாயைச் சப்பிக்கொண்டு.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன்.

"அவங்கம்மா வாசனன்னு நெனச்சிக்கிச்சு தம்பி," என்றார் அண்ணி. அவர் குரல் உடைந்துவிட்டது.

என் கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. கேழ்வரகுக் கஞ்சி கிண்ணத்தில் இருந்தது, பால் கலந்து காய்ச்சியது. ஸ்பூனில் எடுத்து அண்ணியின் தோளுக்குப் பின்னால் போய், சப்பிக்கொண்டிருந்த வாயோரம் வைத்தேன். உள்ளே போனது. விழுங்கியது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. மறுபடி பூவில் முகத்தை வைத்துக்கொண்டு வாயைத் திறந்தது.

"அடியே!" என்று கத்திவிட்டேன்.

"கம்முனு இருடா! பயந்துடப் போவுது!" என்று அண்ணி என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். கல்யாணமான பிறகு அண்ணி என்னை டா போட்டது அன்றைக்குத்தான்.

எல்லா வேளைக்கும் அண்ணி வர முடியுமா? அவருக்குக் கழனி வேலை இருக்கிறது, மாடு இருக்கிறது. அதனால் சரத்தை நான் வாங்கி என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன். பாப்பாவை மடியில் வைத்து, பூச்சுற்றிய கையால் அணைத்துக்கொண்டு, அடுத்த கையால் ஊட்டினேன். பூவை வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதுதான் பாடு. ஒரு வாய், ஒரு மோப்பம், ஒரு வாய். காலையில் கஞ்சி, மதியம் பருப்புச் சாதம், சாயங்காலம் டப்பா மாவு. துப்பிய டப்பா மாவைக்கூட ஒழுங்காகத் தின்றது. வண்டி எடுக்கும் அவசரத்தில் பூவைக் கழற்ற மறந்து உளுந்தூர்பேட்டை போய்த்தான் அந்த மைனர் பட்டம் வாங்கினேன். சிரித்தவர்களிடம், "ஆமாண்டா, ஒரு பொண்ணுக்காகத்தான் சுத்திக்கினு திரியறேன். இன்னும் பல்லுகூட சரியா மொளைக்கல அவளுக்கு," என்றேன். ஒருத்தனுக்கும் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்று நான் பூவைச் சுற்றிக்கொள்ளும் வரை காத்திருக்கவே இல்லை, கிண்ணத்தைப் பார்த்ததும் தானாகவே வாயைத் திறந்து, "ஆ, ஆ," என்று கூப்பிட்டது. கஞ்சி அதற்குப் பழகிவிட்டது. ஊட்ட ஊட்ட வாங்கியது. கடைசியில் திருப்தியாக ஒரு ஏப்பம் விட்டுவிட்டு, என் மடியிலிருந்து இறங்கி ஸ்பூனைத் தூக்கிக்கொண்டு தவழ்ந்து போனது. பார்க்க எவ்வளவு சந்தோஷம், அவ்வளவு வயிற்றெரிச்சலும் இருந்தது. இனிமேல் இசைவாணி வர மாட்டாள்.

போன் அடித்தது.

அடிக்கும்போதே எனக்குத் தெரியும், ஒரே வார்த்தைதான் வேண்டும். இல்லை என்று சொன்னால் போதும். நாளைக்குச் சாயங்காலம் அவள் இந்த வாசலில் நிற்பாள். பாப்பாவைத் தூக்குவாள். என்னைத் திட்டுவாள். வண்டியில் அந்த சீட்டில் உட்காருவாள். எனக்கு வேண்டியது அதுதான், வேறெதுவும் இல்லை. போனைக் காதில் வைத்தேன்.

"மாமா. பாப்பா துன்னுச்சா?"

விடியற்காலை ரோட்டில் ஓடியவளின் முதுகு கண்முன் வந்தது. பிரசவமான வயிற்றில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடியவள்.

"துன்னுச்சு," என்றேன்.

"நெஜமாவா?"

"நெஜமா. கேவுரு கஞ்சி, பால் ஊத்திக் காச்சினது. காலைல துன்னுச்சு, மத்தியானம் சோறு துன்னுச்சு, இப்ப மறுபடியும் கஞ்சி. எடுத்து வெச்சா தானா வாயத் தெறக்குது. சொன்னா நம்ப மாட்ட, அதுவே ஆ ஆன்னு கூப்புடுது."

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். சத்தமே வரவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். இல்லை, ஓடிக்கொண்டிருந்தது.

"இசை?"

"பொட்டி கட்டி வெச்சிட்டேன் மாமா," என்றாள். குரல் கம்மிக் கம்மி வந்தது. "நேத்தே கட்டிட்டேன். மேடத்துக்கிட்ட இன்னா சொல்லணும்னு கூட யோசிச்சி வெச்சிட்டேன். இன்னிக்கி நீ துன்னலன்னு சொல்லுவ, ஒடனே கெளம்பிடலாம்னு காலைலேர்ந்து பொட்டி மேலயே உக்காந்துகினு இருக்கேன்."

அவள் அழுகிறாள். அழுதுகொண்டே கேட்டாள்.

"நல்லா பாத்தியா மாமா? எல்லாத்தையுமா துன்னுச்சு? ஒரு வாய்கூட மிச்சம் வெக்கலயா?"

கிண்ணம் என் மடியில்தான் இருந்தது. எட்டிப் பார்த்தேன். அடியில் ஒட்டிக்கொண்டு ஒரு வாய் கஞ்சி இருந்தது. சரியாக ஒரு ஸ்பூன். அதைச் சொன்னால் போதும் அவளுக்கு. அந்த ஒரு ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு அவள் பஸ் ஏறிவிடுவாள்.

"வெக்கல," என்றேன். "வழிச்சி வழிச்சி துன்னுடுச்சி."

அந்தப் பக்கம் யாரோ விசில் ஊதினார்கள். போன் நேரம் முடிந்தது என்று நினைக்கிறேன். இசைவாணி மூக்கை உறிஞ்சினாள்.

"சரி மாமா," என்றாள். "அப்ப நான் பொட்டியப் பிரிச்சிடறேன்."

பாப்பா ஸ்பூனைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. நான் அந்த ஒரு வாயை விரலால் வழித்துச் சாப்பிட்டேன்.